மகளின் மூளையில் எத்தனை வோல்ட்?

கேள்வி: மின்வாரியத்தில் லைன்மேனாக வேலை பார்க்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பொங்கலுக்குப் பிறகு இரண்டு முறை வலிப்பு வந்தது. ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யில் மட்டும் இடது பக்கம் மாறுதல் தெரிகிறதாம். 'மூளையில் கரண்ட் அதிகமாகிவிடுகிறது' என்று சொல்லிக் கார்பமசெபின் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதமாக வலிப்பு வரவில்லை. கரண்ட் என்றால் எனக்குத் தெரியும். ஆனால் மூளைக்குச் சப்ளை எங்கிருந்து வருகிறது? எத்தனை வோல்ட்? எர்த் எங்கே, ஃபியூஸ் எங்கே? வலிப்பின்போது என் தாயார் இரும்புச் சாவியை அவள் கையில் திணிக்கிறார். அது கரண்டை இழுக்குமா? அவளைத் தொட்டால் ஷாக் அடிக்குமா? இ.இ.ஜி. எடுத்த அன்று முழுவதும் தலை வலித்தது என்றாள். தலைக்குள் கரண்ட் பாய்ச்சினார்களா? மூளையில் பத்தில் ஒன்பது செல்கள் வெறும் ஒட்டுப்பசை, அவற்றில் மின்சாரமே கிடையாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? லைனில் வேலை செய்யும் என்னால்தான் அவளுக்கு இது வந்தது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். மாத்திரையை இப்போது நிறுத்தலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கும் மகளின் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. லைனில் வேலை செய்பவரின் உடலிலிருந்து பிள்ளைக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. அப்படிப் பேசுகிறவர்களிடம் ஒரு மருத்துவர் இதை எழுதித் தந்திருக்கிறார் என்று காட்டுங்கள். அடுத்தது மாத்திரை. அதை நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். வோல்ட் கணக்குக் கேட்கும் தந்தைக்கு வோல்ட் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கம்பியில் நகர்பவை எலக்ட்ரான்கள். அவை கம்பியின் நீளத்துக்கு நகர்கின்றன. மூளைக்குள் அப்படி எதுவும் ஓடவில்லை. அங்கே இருப்பது உப்புக் கரைசல். அதில் கரைந்துள்ள சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், செல்லைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைக் குறுக்காகக் கடந்து உள்ளேயும் வெளியேயும் போய்வருகின்றன. மூளையின் மின்சாரம் என்பது இந்தப் போக்குவரத்துதான். வெளியிலிருந்து வரும் சப்ளை எதுவும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தன் சவ்விலேயே உண்டாக்கி வைத்துக்கொள்கிறது.

எப்படி உண்டாக்குகிறது? செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் (கரைந்திருக்கும் அளவைச் சொல்லும் அலகு) இருக்கும். வெளியே 3 மில்லிமோல்தான் இருக்கும். சோடியம் இதற்கு நேர்மாறாக வெளியே மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதப் பம்பு. ஒவ்வொரு சுற்றிலும் அது 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ இந்தப் பம்பைப் பற்றி 1957-இல் எழுதினார். அதற்காக 1997-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலிருக்கும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அது ஏறத்தாழ 20 வாட். அதில் பெரும்பங்கு இந்த அயனிகளைத் திரும்பத் திரும்ப இடம் மாற்றுவதற்கே செலவாகிறது. ஆகவே சப்ளை எங்கிருந்து என்றால், உங்கள் மகள் உண்ணும் சோற்றிலிருந்தும் இழுக்கும் மூச்சிலிருந்தும்தான்.

உள்ளே குவிந்த பொட்டாசியம், சவ்வில் எப்போதும் திறந்திருக்கும் சில துளைகள் வழியாக மெல்லக் கசிகிறது. நேர்மின்னூட்டம் உள்ள அயனி வெளியேறினால் உட்புறம் எதிர்மின்னாக மாறும் அல்லவா? நியூரான் என்ற நரம்புச் செல் ஓய்விலிருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். உங்கள் வீட்டு 230 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சவ்வின் தடிமனைக் கேளுங்கள். ஏறத்தாழ 5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 2 லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய இடைவெளியில் 70 மில்லிவோல்ட் என்றால், மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் என்ற மின்புலம். காற்றில் தீப்பொறி பாய மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் போதும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைவிட நான்கு மடங்குக்கும் மேலான இறுக்கத்தை ஒவ்வொரு செல்லும் ஓசையின்றித் தாங்கி நிற்கிறது. மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அப்படியானால் அவளைத் தொட்டால் ஷாக் அடிக்காதா? அடிக்காது. அந்த மின்புலம் சவ்வின் இரு பக்கங்களுக்கு நடுவில் மட்டுமே இருக்கிறது. சவ்வைவிட்டு விலகினால் உப்பு நீர் அதை உடனே சமன் செய்துவிடும். மேலும் மூளையின் செல்கள் பேட்டரிகளைத் தொடராக அடுக்கியதுபோல் வரிசையில் இல்லை. அமேசான் ஆற்றின் மின்விலாங்கில் அப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் ஒவ்வொரு மின்செல்லும் தருவது 0.15 வோல்ட் அளவுதான். ஆயிரக்கணக்கான செல்கள் தொடராக நின்று ஒரே கணத்தில் இயங்குவதால் நூற்றுக்கணக்கான வோல்ட் கிடைக்கிறது. நம் கடலில் வலையில் சிக்கும் மின் திருக்கையும் இதே வழியில்தான் மீனவரின் கையை மரத்துப்போகச் செய்கிறது. மனித மூளையில் அந்த அடுக்கு இல்லை. வலிப்பின் உச்சத்தில் நீங்கள் அவளைத் தாராளமாகத் தொடலாம், தாங்கிப் பிடிக்கலாம்.

சாவி விஷயமும் இதோடு தீர்ந்துவிடும். கோடிக்கணக்கான செல்களின் சவ்வுகளில் தனித்தனியாக நிற்கும் மின்னழுத்தத்தைக் கையில் பிடித்த இரும்பு எந்த வழியாக இழுக்க முடியும்? சர்க்யூட்டே இல்லை. நீங்கள் கேட்ட எர்த்தும் மூளைக்குக் கிடையாது. செம்புக் காப்பு, வெங்காயம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வந்து கையில் வைப்பதற்கும் அதே நேரம்தான் ஆகும். அதனால்தான் பலன் கிடைத்ததுபோல் தோன்றி இந்த வழக்கம் தலைமுறைகளாக நிற்கிறது. உங்கள் தாயாரைக் கடிந்துகொள்ளாதீர்கள், பேத்தியின் மேல் உள்ள தவிப்பில் செய்கிறார். சாவிக்குப் பதிலாக அவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, வலிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்தத் தகவல் மிகவும் பயன்படும்.

இனி 'கரண்ட் அதிகமாகிவிடுகிறது' என்ற சொற்றொடருக்கு வருவோம். கூட்டம் நிரம்பிய வெளிநோயாளர் பிரிவில் இரண்டு நிமிடத்தில் விளக்க வேண்டியிருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏனென்றால் நியூரானின் துடிப்புக்கு அளவு ஒன்றே ஒன்றுதான். உட்புறம் −70 மில்லிவோல்ட்டிலிருந்து ஏறத்தாழ −55 வரை உயர்ந்துவிட்டால் சோடியம் துளைகள் சட்டெனத் திறக்கும். சோடியம் பாய்ந்து உள்ளே வரும். மின்னழுத்தம் +30 அளவுக்கு ஏறி, ஒரு மில்லிநொடி அளவிலேயே இறங்கிவிடும். மொத்த ஏற்றம் 100 மில்லிவோல்ட். வந்தால் இந்த முழு அளவில் வரும், இல்லையென்றால் வராது. கணக்குப் போடும்போதும் இதே 100 மில்லிவோல்ட்தான், வலிப்பின்போதும் ஏறத்தாழ இதே 100 மில்லிவோல்ட்தான்.

இதை நாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் கணவாய் மீன். அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை பருமன் உள்ள நரம்பிழை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939-இல் அந்த இழைக்குள் மின்முனையைச் செருகித் துடிப்பை உள்ளிருந்தே அளந்தார்கள். உடனே உலகப் போர் வந்துவிட்டது. போருக்குப் பின் வேலையைத் தொடர்ந்து, சோடியமும் பொட்டாசியமும் எந்தக் கணத்தில் எவ்வளவு நகர்கின்றன என்பதைச் சமன்பாடுகளாக 1952-இல் வெளியிட்டார்கள். கணினி கைக்கு எட்டாத நேரத்தில் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அந்தத் துடிப்பின் வடிவத்தைக் கணக்கிட்டார். 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உங்கள் மகள் விழுங்கும் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதற்கு அந்தச் சமன்பாடுகளில்தான் தொடங்க வேண்டும்.

ஒரு செல்லின் துடிப்பு பெரிதாகவில்லை என்றால் வலிப்பில் மாறுவது எது? எத்தனை செல்கள் துடிக்கின்றன, எவ்வளவு விரைவாகத் துடிக்கின்றன, எவ்வளவு ஒன்றாகத் துடிக்கின்றன என்பதுதான். சாதாரண நேரத்தில் பக்கத்துப் பக்கத்து நியூரான்கள் தத்தம் வேலைக்கேற்ப வெவ்வேறு கணங்களில் துடிக்கும். ஒன்று தூண்டினால் இன்னொன்று அடக்கும். வலிப்பில் அந்த அடக்கம் தளர்ந்து, ஒரு பகுதியின் செல்கள் சேர்ந்தாற்போல் வேகமாகத் துடிக்கத் தொடங்குகின்றன. அந்தச் சேர்ந்தியக்கம் பக்கத்துப் பகுதிக்கும் பரவுகிறது.

இங்கேதான் நீங்கள் கேட்ட ஒட்டுப்பசை செல்கள் வருகின்றன. அவற்றைக் கிளையல் செல்கள் என்கிறோம். அவற்றின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு, அதனால் இந்தப் பகுதி நீளும்.

காணொளியில் சொன்ன எண்ணிக்கையே தவறு. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹூசலும் அவருடைய குழுவினரும் மனித மூளையின் செல்களை எண்ணி 2009-இல் வெளியிட்டார்கள். நியூரான்கள் ஏறத்தாழ 8,600 கோடி, மற்றச் செல்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ அதே அளவு. பத்துக்கு ஒன்பது என்ற பழைய கணக்கு அதோடு விழுந்துவிட்டது. ஒட்டுப்பசை என்ற கருத்து 1850-களில் ருடால்ஃப் விர்ஷோவிடமிருந்து வந்தது. அவர் காலத்து நுண்ணோக்கியில் அவ்வளவுதான் தெரிந்தது.

மின்சாரம் இல்லை என்பதும் தவறு. ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவக் கிளையல் செல்லுக்குள் மின்முனையை வைத்துப் பார்த்தால் −80, −90 மில்லிவோல்ட் காட்டும். நியூரானைவிடக் கூடுதல்! ஆனால் அது துடிக்காது. துடிப்பதற்குத் தேவையான அளவு சோடியம் துளைகள் அதனிடம் இல்லை. அதன் சவ்வில் நிறைந்திருப்பவை பொட்டாசியம் துளைகள். அதனால் வெளியே பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப அதன் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஹார்வர்டில் ஸ்டீபன் குஃப்லரும் ஜான் நிக்கல்ஸும் ரிச்சர்ட் ஆர்கண்டும் 1966-இல் ஒரு நீர்வாழ் சாலமாண்டரின் பார்வை நரம்பில் இதைக் காட்டினார்கள். நரம்பைத் தூண்டியபோது கிளையல் செல்லின் மின்னழுத்தம் மெல்ல உயர்ந்து, தூண்டல் நின்றபின் சில நொடிகளில் மெல்ல இறங்கியது. நியூரான்கள் வெளியே விட்ட பொட்டாசியத்தை அது உணர்ந்திருந்தது.

இதில் மகளின் நோயோடு என்ன தொடர்பு? ஒவ்வொரு துடிப்பின் இறுதியிலும் நியூரான் கொஞ்சம் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. ஒரு துடிப்பில் வெளியேறுவது மிகச் சொற்பம். ஆனால் மூளையில் செல்களுக்கு இடையிலான இடைவெளி மிகக் குறுகியது. விடாமல் துடித்தால் அந்தச் சந்துகளில் பொட்டாசியம் தேங்கும். வலிப்பின்போது 3 மில்லிமோலிலிருந்து 10, 12 வரை ஏறிவிடுகிறது. நான் முன்பு சொன்ன −70 மில்லிவோல்ட்டுக்கு அடிப்படையே உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான பொட்டாசிய ஏற்றத்தாழ்வுதான். வெளியே பொட்டாசியம் மிகுந்தால் உட்புறத்தின் எதிர்மின் குறைந்து, −55 என்ற எல்லையை நோக்கி நகரும். சும்மா இருந்த நியூரான்களும் துடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அவை துடித்தால் இன்னும் பொட்டாசியம் சேரும். சுழற்சி புரிகிறதல்லவா?

அதை அறுப்பவை ஆஸ்ட்ரோசைட்டுகள். தேங்கிய பொட்டாசியத்தை அவை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. தனித்தனி செல்லாக நிற்காமல் அவை ஒன்றோடொன்று நுண்ணிய இணைப்புத் துளைகளால் கோக்கப்பட்டிருக்கின்றன. ஓரிடத்தில் எடுத்ததைப் பொட்டாசியம் குறைவாக உள்ள தொலைவிடத்துக்கு அனுப்பிவிட முடியும். நியூரான்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளில் பெரும்பகுதியையும் அவையே அள்ளி அகற்றுகின்றன. அந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு மனிதரிலேயே சான்று இருக்கிறது. கிர் 4.1 என்பது ஆஸ்ட்ரோசைட்டுகளின் முக்கியமான பொட்டாசியம் துளை. அதற்கான மரபணு பிறவியிலேயே பழுதான குழந்தைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் 2009-இல் தனித்தனியாக விவரித்தன. அந்தக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே வலிப்பு. கூடவே தள்ளாட்டமும் காது கேளாமையும் சிறுநீரகத்தில் உப்பு இழப்பும். அதே துளை உட்காதிலும் சிறுநீரகத்திலும் இருப்பதே காரணம். ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2015-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை வலிப்புக்காக அறுவை செய்து எடுத்த, தழும்பேறிய மூளைத் திசுவில் ஆஸ்ட்ரோசைட்டுகளுக்கு இடையிலான இணைப்பே அற்றுப்போயிருந்தது. உங்கள் மகளுக்கு இப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவளுடைய ஸ்கேன் நன்றாக இருக்கிறது, முதல் மருந்துக்கே வலிப்பு அடங்கியிருக்கிறது. ஒட்டுப்பசை என்று ஒதுக்கிய செல்கள் பழுதானாலும் வலிப்பு வரும் என்பதற்காகச் சொன்னேன்.

கிளையல் செல்களில் இன்னொரு வகை ஒலிகோடெண்ட்ரோசைட். நீங்கள் கேட்காமலே அதை விரும்புவீர்கள், ஏனென்றால் அது இன்சுலேஷன் போடும் செல். நரம்பிழையைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புப் படலத்தைச் சுருட்டிவிடுகிறது. மையலின் இல்லாத மெல்லிய இழையில் துடிப்பு நொடிக்கு 1 மீட்டர் அளவில் ஊர்ந்து போகும். மையலின் போட்ட தடித்த இழையில் நொடிக்கு 120 மீட்டர் வரை போகும்.

ஃபியூஸ் எங்கே என்று கேட்டீர்கள். எம்.சி.பி., அதாவது தானே டிரிப் ஆகும் சுவிட்ச், என்று கேட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். திறந்த சோடியம் துளை ஒரு மில்லிநொடிக்குள் தானே அடைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் பழைய நிலைக்கு இறங்கிச் சற்று ஓய்ந்தபின்தான் மறுபடி திறக்கத் தயாராகும். எம்.சி.பி. டிரிப் ஆனால் நாம் கையால் ஏற்றிவிட வேண்டும், இந்தத் துளையோ தானே மறுபடி தயாராகிவிடும். கார்பமசெபின் அந்த அடைபட்ட நிலையில் உள்ள துளையைப் பற்றிக்கொண்டு, திரும்பத் தயாராவதைத் தாமதப்படுத்துகிறது. இயல்பான வேகத்தில் துடிக்கும் நியூரானுக்குப் பெரிதாகத் தடை இல்லை. வெறிபிடித்தாற்போல் நொடிக்கு நூற்றுக்கணக்கில் துடிக்க முயலும் நியூரான்தான் தடைபடும். அதனால்தான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அவளால் பள்ளிக்குப் போக முடிகிறது, படிக்க முடிகிறது.

நான்கு மாதமாக வலிப்பு இல்லை என்றால் நோய் போய்விட்டது என்று பொருளல்ல. மருந்து ரத்தத்தில் போதுமான அளவில் இருக்கிறது என்று பொருள். திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு அடுத்தடுத்து, சில நேரம் நிற்காமலே வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் கழிந்தபின், அவளுடைய மருத்துவர் இ.இ.ஜி.யையும் மற்றவற்றையும் பார்த்து, படிப்படியாகக் குறைப்பதைப் பற்றி முடிவெடுப்பார். சரியான சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் மகளுக்கு இதுவரை நல்ல அறிகுறிகளே தெரிகின்றன.

இ.இ.ஜி.யில் தலைக்குள் எதையும் பாய்ச்சுவதில்லை. உங்கள் மல்டிமீட்டர் வோல்ட்டை மட்டும் படிப்பதுபோல அதுவும் படிக்கத்தான் செய்கிறது. உச்சந்தலையில் கிடைப்பது 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் பேட்டரியில் 15,000-இல் ஒரு பங்கைத் தாண்டாத அளவு. ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒன்றாக இயங்கினால்தான் அவ்வளவாவது மண்டையோட்டைத் தாண்டி எட்டும். வலிப்பு அலைகள் உயரமாகத் தெரிவதும் இந்த ஒன்றிப்பால்தான். மனிதரின் மூளை அலையை 1924-இல் முதலில் பதிவு செய்த ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், தன் சொந்த மகனின் தலையிலேயே மின்முனைகளை வைத்துப் பல பதிவுகள் எடுத்திருக்கிறார். அவளுக்கு வந்த தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் முந்தைய இரவு தூங்காமல் வரச் சொன்னதாக இருக்கும். பரிசோதனையின்போது மூச்சை வேகமாக இழுத்துவிடச் சொல்வதும், கண்முன் விளக்கை விட்டுவிட்டு ஒளிர வைப்பதும் சிலருக்குத் தலைவலி தரும்.

அவள் சுவிட்சைத் தொடலாம், அயர்ன் பாக்ஸ் பிடிக்கலாம், மிக்ஸி போடலாம். கவனம் வேண்டியது வேறு இடங்களில். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம். கிணற்றிலும் குளத்திலும் தனியாக இறங்க வேண்டாம். தேர்வுக்காக விடிய விடியக் கண் விழிக்கவே கூடாது. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும்.

மறுபடி வந்தால் பதறாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள், கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள். வாயில் தண்ணீர், கரண்டி, துணி எதுவும் வேண்டாம். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வேறு மாத்திரை வாங்கித் தராதீர்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் கார்பமசெபினின் அளவை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். கார்பமசெபின் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். சோடியம் மிகவும் குறைந்தால் அதுவே வலிப்பை வரவழைக்கும். அவளுக்கு வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், வாந்தி, விடாத தலைவலி இருந்தால் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் அடுத்த முறை போகும்போது சோடியம் அளவைப் பார்க்க வேண்டுமா என்று அவளுடைய மருத்துவரிடம் கேளுங்கள். தவறிய மாத்திரை வேளைகள் ஏதும் இருந்தால் அந்தத் தேதிகளையும் மறைக்காமல் குறித்துக் கொண்டுபோங்கள்.